மட்கார்டு செய்த குற்றம் என்ன?

கதை எழுதுகிறவனுக்குக் காரைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். காரில் உட்கார்ந்து போகிற எவனுக்கும் அதைப் பற்றிப் பேச யோக்கியதை உண்டு என்பது என் கட்சி. சமைக்கத் தெரிந்தவன்தான் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லலாம் என்றால், இந்த நாட்டில் பாதிப் பேர் வாய் திறக்க முடியாது. மேலும், நான் சொல்லப்போகிற விஷயத்தை ஏட்டில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஒரு டயரின் பக்கவாட்டில் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தடவிய விரலில் நூல் தட்டுப்பட்டது. ரப்பருக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டிய நூல் அது.

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து, ஒருவர் ஓட்டிய காரை வாங்கினான். வாங்கி மூன்று மாதத்திற்குள் அந்தக் காருக்கு ஒரு புது அவதாரம் கொடுத்தான். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, காரை 40 மில்லிமீட்டர் கீழே இறக்கும் ஸ்பிரிங்கைப் போட்டான். 185 அகல டயரைக் கழற்றிவிட்டு, அகலமான ரிம்மில் 205 டயரை மாட்டினான். அதற்கும் மேலே, சக்கரம் மட்கார்டின் விளிம்பு வரை எட்டிப் பார்த்தால்தான் பார்வையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, சக்கரத்துக்கும் அச்சின் முகத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அலுமினிய வளையத்தைச் செருகினான். அதற்கு ஸ்பேசர் என்று பெயர். நாலு சக்கரத்துக்கும் நாலு வளையம்.

கார் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிற ஒரு மிருகத்தின் களை அதற்கு வந்திருந்தது.

அந்தக் காரில்தான் பழனிக்குப் போனோம். முன்னால் அவனும் நானும். பின்னால் எண்பது தாண்டிய என் தாயார், தங்கை, தங்கையின் பெண். பின்பெட்டியில் துணிமணியும், நேர்ந்துகொண்ட தேங்காய் மூட்டையும். பொள்ளாச்சி தாண்டியதும் ஒரு வேகத்தடை வந்தது. கார் ஏறி இறங்கியபோது பின்பக்கத்திலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். உரலில் கல் உரசுகிற மாதிரி. அடுத்த ஊரில் அடுத்த வேகத்தடை. மறுபடி அதே சத்தம். உடுமலைக்குப் போவதற்குள் ரப்பர் கருகுகிற நாற்றம் லேசாக மூக்கில் ஏறிற்று.

"என்னடா அது?" என்றேன்.

"மட்கார்டு கொஞ்சம் உரசுதுங்க மாமா. ரெண்டு தரம் அடிச்சு ஒதுக்கியாச்சு. மறுபடி உரசினா மறுபடி அடிச்சுக்கலாம்னு பட்டறையில சொல்லியிருக்காங்க."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் பையன் மேல் வந்ததல்ல. 'மறுபடி உரசினால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்' என்று சொன்னானே, அந்தப் பட்டறைக்காரன் மேல் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தொழிலின் மானமே போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்க டயரைத் தடவினேன். மேலே சொன்ன நூல் அப்போதுதான் தட்டுப்பட்டது. டயரின் தோளில் சுற்றிலும் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது. ஒரு பெரிய மனுஷியும், இரண்டு பெண்களும், மூட்டை நிறையத் தேங்காயும் அந்த நூலின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறோம். டயரின் தரைபடும் பாகத்தில் ஆணி குத்தினால் ஒட்டுப் போடலாம். பக்கவாட்டில் நூல் அறுந்தால் ஒட்டு கிடையாது. அங்கே கிழிந்தால் காற்று மெல்ல இறங்காது, டயர் வெடிக்கும்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, ஆளைக் குறைத்து, பஸ்ஸில் பாதி காரில் பாதியாக ஊர் வந்து சேர்ந்தோம். அந்தக் கதை இருக்கட்டும். நான் கேட்க வந்த கேள்வி இதுதான்: இதில் மட்கார்டு செய்த குற்றம் என்ன?

கணக்கைப் பாருங்கள். பெரிய கணக்கல்ல, சந்தைக் கணக்கு. டயரின் அகலம் 185-லிருந்து 205 ஆனால், கூடின 20 மில்லிமீட்டரில் பாதி உள்ளே போகிறது, பாதி வெளியே வருகிறது. ஆகவே வெளிப்பக்கம் 10. ஸ்பேசர் அப்படியே 20 மில்லிமீட்டர் வெளியே தள்ளுகிறது. மொத்தம் 30. முன்பு மட்கார்டின் விளிம்புக்கு உள்ளே, அதன் குகைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த டயர், இப்போது விளிம்புக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. வெளியே தள்ளியது மட்டுமா? மட்கார்டை 40 மில்லிமீட்டர் கீழேயும் இறக்கியாயிற்று. பின்ஸீட்டில் மூன்று பேரும் பெட்டியில் ஒரு மூட்டையும் ஏறினால் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கும். அதற்கு மேல் வேகத்தடையின் உதை. டயர் போவதற்கு இடமில்லை, உரசுகிறது. கத்தியின் கீழே கழுத்தை வைத்துவிட்டுக் கத்தி குற்றவாளி என்றால் எப்படி?

இப்போது பட்டறைக்காரன் செய்ததைப் பாருங்கள். அவன் இந்தக் கணக்கைப் போடவில்லை. சுத்தியலை எடுத்தான். விளிம்பை அடித்து வெளியே ஒதுக்கினான். அடித்த இடத்தில் பெயின்ட் வெடித்தது, உள்ளே இரண்டு தகடுகள் சேர்கிற மூட்டில் இருந்த பூச்சு விரிந்தது, மழை பெய்தது, துரு பிடித்தது. சத்தம் ஒரு வாரம் நின்றது. பின் மறுபடி வந்தது, ஏனென்றால் காரணம் போன இடத்துக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி அடித்தான். மறுபடி கூலி வாங்கினான். தலைவலி என்று வந்தவனிடம் ஒவ்வொரு வாரமும் ஒரு மாத்திரை விற்கிற வைத்தியனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? வைத்தியனாவது நாடியைப் பிடித்துப் பார்ப்பான்.

உரசல் என்பது நோய் அல்ல. அது சாட்சி. 'இங்கே இடம் போதவில்லை' என்று வாய்விட்டுச் சொல்கிற சாட்சி. சாட்சியை அடித்து வாயை மூடுகிற வேலைக்கு ரிப்பேர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சத்தம் போடாத சேதங்களும் உண்டு. அவற்றுக்குச் சுத்தியல் வைத்தியம்கூடக் கிடையாது. காரை வடிவமைத்தவன் சக்கரத்தின் மையம் அச்சின் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிக்கிறான். ரிம்மில் 'ஈடி 40' என்று பொறித்திருப்பது அந்தக் கணக்குதான். அதில் 20 மில்லிமீட்டர் ஸ்பேசரைச் செருகினால் அது 'ஈடி 20' ஆகிவிடுகிறது. ரிம் மாறவில்லை, ஆனால் பாரம் விழுகிற இடம் மாறிவிட்டது. நீளமான கொம்பின் நுனியில் அதே குடத்தைத் தொங்கவிட்டால் தோள் கூடுதலாக வலிக்கும் அல்லவா? இங்கே தோள் என்பது வீல் பேரிங். முன்சக்கரத்தில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ஸ்டீயரிங் திரும்புகிற அச்சை ஒரு கோடாக நீட்டினால் அது தரையைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு. டயர் தரையைத் தொடுகிற மையம் அதிலிருந்து எவ்வளவு விலகி இருக்கலாம் என்பதும் தீர்மானமான கணக்கு. பல சிறிய கார்களில் ஒரு பக்க பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வண்டி நேரே போகும்படி அந்த இடைவெளியை வைத்திருக்கிறார்கள். ஸ்பேசர் அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் குட்டைத் தண்ணீரில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை உதறினால், உதறியது பேய் அல்ல. அந்த அலுமினிய வளையம்.

இதற்கெல்லாம் மேலானது போல்ட்டு. சும்மா செருகிவிடுகிற ரக ஸ்பேசர் 10 மில்லிமீட்டர் கனம் என்றால், நட்டு பிடிக்க வேண்டிய புரியில் 10 மில்லிமீட்டரை அது விழுங்கிவிடுகிறது. நட்டு குறைந்தபட்சம் போல்ட்டின் குறுக்களவு ஆழத்துக்காவது புரியில் ஏற வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் கைக்கொள்கிற விதி. 12 மில்லிமீட்டர் போல்ட்டில், புரிக்குப் புரி 1.5 மில்லிமீட்டர் இருந்தால், நட்டு முழுசாக 8 சுற்றாவது சுற்ற வேண்டும். நம் ஊரில் எத்தனை கார்களில் அது நாலு சுற்றில் 'டைட்' ஆகி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் யார்? கனமான ஸ்பேசருக்குத் தனி போல்ட்டு உண்டு. அதை முதலில் காரோடு முடுக்கி, அதன் மேல் சக்கரத்தை முடுக்க வேண்டும். நடுத்துவாரம் அச்சின் மேட்டில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி கழற்றி, முறுக்கு அளக்கும் ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டும். என் மருமகனின் பட்டறையில் இதில் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே முறுக்கு அளப்பது மேஸ்திரியின் முழங்கை.

இனி, இதற்கெல்லாம் எதிர்க்கட்சி பேசுகிறவர்களுக்கு வருகிறேன்.

"பந்தயக் கார் எல்லாம் தாழ்ந்துதானே இருக்கிறது? அவர்கள் முட்டாள்களா?" என்பது முதல் வாதம். இல்லை, அவர்கள் முட்டாள்கள் இல்லை. கோவைக்குப் பக்கத்திலேயே செட்டிபாளையத்தில், கார்ப் பந்தயத்துக்கும் கார் கட்டுவதற்கும் உழைத்து 1995-ல் விமான விபத்தில் மாண்ட கரிவரதனின் பெயரால் பந்தயப் பாதை இருக்கிறது. 2003-லிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது. போய்ப் பாருங்கள். அந்தப் பாதையில் வேகத்தடை இல்லை. பாதாளச் சாக்கடை மூடி இல்லை. பின்ஸீட்டில் பாட்டி இல்லை. பின்ஸீட்டே இல்லை. வண்டியின் பாரமையம் தாழ்ந்தால் திருப்பத்தில் சாய்வு குறையும் என்பது வாஸ்தவம். ஆனால், நம் சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருக்கிற சாதாரண ஸ்ட்ரட் அமைப்பில், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ரொம்பத் தாழ்த்தினால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி பாரமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம், அதாவது சாய்க்கிற நெம்புகோல், நீண்டுவிடுகிறது. பந்தயக்காரன் அந்தப் புள்ளியைத் திரும்ப மேலே கொண்டுவர மூட்டுகளையே மாற்றுகிறான். நீ ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அவன் பெயரைச் சொல்கிறாய். பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டவன் எல்லாம் சிப்பாயா?

"அழகு என்று ஒன்று கிடையாதா?" என்பது இரண்டாவது வாதம். இதற்கு நான் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. தாழ்ந்த காரின் மேல் மோகம் இன்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில் குடியிருந்த மெக்ஸிகோ வழிவந்த இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தரையோடு தாழ்த்தி, மெல்ல மெல்ல ஊர்வலம் போல் ஓட்டினார்கள். வேகமாகப் போவதைப் பெருமையாக நினைத்த நாட்டில் அவர்கள் மெதுவாகப் போவதைப் பெருமையாக நினைத்தார்கள். அதில் ஏழையின் ரோஷம் இருந்தது, கலையும் இருந்தது. 1950-களின் கடைசியில் கலிபோர்னியா சர்க்கார், ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்று சட்டம் போட்டது. 1959-ல் ரான் அகுயிரே என்ற இளைஞர் என்ன செய்தார்? தம்முடைய 1957-ஆம் வருஷத்துக் கார்வெட்டில், விமான உதிரி பாகங்களிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பம்புகளைப் பொருத்தி, வேண்டும்போது காரைத் தாழ்த்தவும் வேண்டும்போது உயர்த்தவும் வழி பண்ணினார். நிற்கும்போதும் காட்டும்போதும் தாழ்வு, ஓடும்போது உயர்வு. அந்தச் சட்டத்தின் தடை 2024-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் அங்கே நீங்கிவிட்டது.

இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், அழகை விரும்பியவன் அங்கே மூளையைச் செலவழித்தான். டயருக்கு இடம் வேண்டும் என்ற உண்மையை அவன் ஏமாற்றப் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பதில் கண்டுபிடித்தான். நமக்கோ இடமும் வேண்டாம், பதிலும் வேண்டாம்; படம் பிடிக்கும்போது கார் தாழ்ந்திருந்தால் போதும். அழகுக்காகச் சிரமப்படுகிறவனை நான் கும்பிடுவேன். அழகுக்காகப் பாட்டியைப் பணயம் வைக்கிறவனை அல்ல.

"எங்கள் கார் தப்பில்லை, ஐயா, ரோடுதான் தப்பு" என்பது மூன்றாவது வாதம். இதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். வேகத்தடை எப்படிக் கட்ட வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லிவிட்டது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக, 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வளைந்து இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே சுமார் இரண்டரை மீட்டர் உள்ள ஒரு கார் அதன் உச்சியில் நின்றால், சக்கரங்களும் அந்த மேட்டின் மேலேயே நிற்பதால், வயிற்றுக்குக் கீழே எழுகிற மேடு நாலரை சென்டிமீட்டர்தான். தாழ்த்திய காரும் தப்பிவிடும். ஆனால் நம் ஊர்களில் இருப்பது என்ன? யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மிஞ்சிய சிமெண்டைக் குவித்து வைத்த மாதிரி, அரை மீட்டர் அகலத்தில் அதே 10 சென்டிமீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல். அதன் உயரம் முழுவதும் காரின் வயிற்றுக்கு வருகிறது. சக்கரத்துக்கு வருவது ஏற்றமல்ல, உதை. அளவு தெரிந்தும் அளவு மீறிக் கட்டுகிற பஞ்சாயத்தையும் இலாகாவையும் நான் விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களை எதிர்த்து எழுத ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

ஆனால், தம்பி, ரோடு அப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே காரை இறக்கினாய்? வீதியில் முள் கிடக்கிறது என்பது செருப்பைக் கழற்றி எறிவதற்குக் காரணம் ஆகுமா? கம்பெனிக்காரன் 16, 17 சென்டிமீட்டர் இடைவெளி வைத்துக் கொடுத்தது நம்முடைய ரோட்டைப் பார்த்துத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பின்னால் என்னைக் குறை சொல்ல வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. இவ்வளவு கடுமையாக எழுதிவைத்துவிட்டு, அந்த வளையங்களைக் கடைத் தெருவில் மாலை மாதிரி தொங்கவிட்டு விற்கவும் விட்டிருக்கிறோம். ஜெர்மனியில் வழி வேறு. அங்கே ஸ்பேசர் போடலாம், காரையும் தாழ்த்தலாம். ஆனால் அந்தப் பொருளுக்குச் சோதனைப் பத்திரம் வேண்டும். அந்தக் காருக்கு அது பொருந்துகிறதா, பாரத்தோடு உரசுகிறதா என்று பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபத்தான மாற்றத்தைப் பார்வைக்குக் கொண்டுவராமல் ஓட்டினால் வண்டியின் ஓடும் உரிமையே போய்விடும். எது மேல்? 'செய்யாதே' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதா, 'செய். காட்டு' என்று சொல்லிக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதா? எனக்கு இரண்டாவதுதான் நாகரிகமாகத் தெரிகிறது.

சரி, திட்டியது போதும். உரசுகிற காரை வைத்துக்கொண்டு தவிக்கிறவனுக்கு வழி சொல்ல வேண்டும் அல்லவா? அதுவும் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு கிழவரின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் முதலில் செய்தது சுத்தியலை எடுப்பதல்ல, சாக்கட்டியை எடுப்பது. டயரின் தோளிலும் பக்கவாட்டிலும் சாக்கட்டியைத் தேய்த்தார். மட்கார்டின் விளிம்பில் காகித நாடா ஒட்டினார். பின்ஸீட்டில் மூன்று பேரை ஏற்றினார். அதில் நானும் ஒருவன். வண்டியை மெல்ல மேட்டில் ஏற்றி இறக்கினார். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து ஓட்டினார். பிறகு இறங்கி, எங்கே சாக்குப் போயிருக்கிறது, எங்கே நாடா கிழிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். "திருப்பும்போது உரசினா ஒரு காரணம், குழியில விழும்போது உரசினா வேற காரணம்ங்க. உள்பக்கம் ஸ்பிரிங் கிட்ட உரசினா அது மூணாவது. எதுன்னு தெரியாம எதைங்க சரி பண்றது?" என்றார். இந்த ஒரு கேள்வியைப் பழைய பட்டறையில் யாரும் கேட்டிருக்கவில்லை.

அவர் சொன்ன வரிசையை அப்படியே தருகிறேன். முதலில் ஸ்பேசரைக் கழற்று. பெரும்பாலான காரில் பாதி வியாதி அங்கேயே தீரும். ரிம்மோ டயரோ உள்பக்கம் ஸ்ட்ரட்டில் இடிக்கிறது என்றால் மட்டும், அச்சில் சரியாக உட்கார்கிற மெல்லிய ஸ்பேசர், மூன்று நாலு மில்லிமீட்டரில், புரி போதுமா என்று எண்ணிவிட்டுப் போடலாம். அதற்காகப் பிறந்ததுதான் அது, பார்வைக்காக அல்ல. இரண்டாவது, டயரைக் காருக்குச் சொன்ன அளவுக்குக் கொண்டுவா. மூன்றாவது, உயரத்தைத் திருப்பிக் கொடு. தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் கொஞ்சமாகத் தாழ்த்து, அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்துப் போடு. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுக்கிற மகா பாவத்தை மட்டும் செய்யாதே. சக்கரம் தொங்கும்போது அந்த ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவும். இவ்வளவும் செய்த பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடிக்கிறது என்றால், அப்போது மட்கார்டின் உள்மடிப்பைத் தொடலாம்: பெயின்ட் வெடிக்காதபடி சூடு காட்டி, உருளை வைத்து, மெல்ல மடித்து, பிறகு துருவுக்குப் பூச்சுப் பூசி. கடைசியில் வீல் அலைன்மென்ட்.

சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்த்து உரசலைத் தப்பிக்கிற வித்தையும் உண்டே என்று கேட்டேன். உண்டாம். ஆனால் டயரின் உள்தோள் மட்டும் தேய்ந்து, வெளியே புதுசாகவும் உள்ளே மொட்டையாகவும் நிற்குமாம். குனிந்து பார்க்காதவனுக்கு அது தெரியவே தெரியாது. நம் சிறிய கார்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரே விட்டமாக இருப்பதால், தகடு கொடுக்காமல் அங்கே சாய்க்கவும் முடியாது. ஷாக்கின் அடியில் ரப்பரைக் கூட்டி வைத்து, சக்கரம் மேலே வராமல் தடுக்கிற வித்தையும் கேட்டேன். "தடுக்கலாங்க. அப்புறம் ஸ்பிரிங்குன்னு ஒண்ணு எதுக்குங்க?" என்றார்.

என் மருமகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். முதலில் முகம் சுண்டித்தான் இருந்தது. வளையங்கள் நாலும் கழன்று தரையில் விழுந்தபோது ஏதோ நகையைக் கழற்றிய மாதிரி பார்த்தான். டயர் அளவு திரும்பிற்று. ஸ்பிரிங்கை மட்டும் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றான். பழைய உயரத்துக்கு அரை அங்குலம் குறைவாக வேறு ஜோடி போட்டுக்கொண்டான், ஷாக்கோடு சேர்த்து. சட்டத்தின் முன்னால் அந்த அரை அங்குலத்துக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதை அவனிடம் சொல்லிவிட்டேன். மறுபடி மூன்று பேரை ஏற்றி, மறுபடி சாக்கு தேய்த்துப் பார்த்தோம். சாக்கு அழியவில்லை. அடித்து ஒதுக்கின மட்கார்டு மட்டும் கோணலாகவே நிற்கிறது. அதை நிமிர்த்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பார்க்கிறபோதெல்லாம் ஞாபகம் வரட்டும்.

போன மாதம் அவனுடைய சிநேகிதன் ஒருவன் வந்தான். அந்த நாலு ஸ்பேசரையும் பாதி விலைக்குக் கேட்டானாம். நல்ல பணம்தான். கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க மாமா. அவனுக்கும் வீட்ல அம்மாயி இருக்காங்க" என்றான்.

பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தொழில் தர்மம் இந்தப் பையனுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவன் ஒரு டயரைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்டான். அதைவிடப் பெரிய பலி கொடுத்துக் கற்றுக்கொள்ளும்படி இன்னும் எத்தனை பேரைச் சுத்தியலோடு வழியனுப்பிக்கொண்டிருக்கிறோமோ!